போட்ஸ்வானாவின் வரலாறும் ஆட்சிமுறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் ஒழுங்காக நடக்கும் நாடு எது என்று பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் போட்ஸ்வானா. "அங்கேதான் வைரம் இருக்கிறதே" என்ற பதிலும் உடனே வந்துவிடும். அங்கோலாவிலும் சியரா லியோனிலும் காங்கோவிலும்கூட வைரம் இருந்தது. அங்கே அது துப்பாக்கி வாங்கத்தான் பயன்பட்டது. போட்ஸ்வானாவில் கதை வேறு மாதிரி போனதற்கு முக்கியக் காரணம், வைரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு முதல் சுரங்கம் திறப்பதற்கு முன்பே அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு நன்மை கிடைத்தது, யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதைத்தான் இந்தக் கேள்வி பதில்களில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

போட்ஸ்வானா எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய நாடு?

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், கடலைத் தொடாத நாடு. தெற்கே தென்னாப்பிரிக்கா, மேற்கிலும் வடக்கிலும் நமீபியா, வடகிழக்கில் ஜிம்பாப்வே. பரப்பு சுமார் 5,81,730 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 23.6 லட்சம்தான். நிலத்தில் பெரும்பகுதி கலஹாரி மணல்வெளி என்பதால் மக்கள் கிழக்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டித்தான் அதிகம் வாழ்கிறார்கள். தலைநகர் காபரோனி. பெரும்பான்மையோர் பேசுவது செட்ஸ்வானா. ஆட்சி மொழி ஆங்கிலம்.

பிரிட்டன் எதற்காக இந்த வறண்ட நிலத்துக்கு வந்தது?

நிலத்துக்காக வரவில்லை, வழிக்காக வந்தது. 1884-ல் ஜெர்மனி இன்றைய நமீபியாவைப் பிடித்தது. கிழக்கே டிரான்ஸ்வாலில் போயர்கள் என்ற டச்சு வம்சாவளி வெள்ளையர் ஆண்டுகொண்டிருந்தார்கள். இருவரும் கை கோத்துவிட்டால் தெற்கே இருந்த பிரிட்டனின் கேப் காலனியிலிருந்து வடக்கே போகும் பாதை அடைபட்டுவிடும். அதைத் தடுக்க 1885-ல் பிரிட்டன் இந்தப் பகுதியைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. வடபகுதிக்குப் பெச்சுவானாலாந்து பாதுகாப்பு நாடு என்று பெயர் வைத்தார்கள். தென்பகுதி தனிக் காலனியாகி, 1895-ல் கேப் காலனியோடு சேர்ந்தது. அது இன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அதனால்தான் செட்ஸ்வானா பேசுபவர்கள் போட்ஸ்வானாவில் இருப்பதைவிடத் தென்னாப்பிரிக்காவில் அதிகம்.

மூன்று தலைவர்கள் லண்டனுக்குப் போனார்கள் என்கிறார்களே, அது என்ன கதை?

இந்த நாட்டின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1895-ல் செசில் ரோட்ஸ் நடத்திய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்க கம்பெனியிடம் பெச்சுவானாலாந்தை ஒப்படைத்துவிட லண்டன் தயாராக இருந்தது. எல்லைக்கு வடக்கே, இன்றைய ஜிம்பாப்வேயில், கம்பெனி ஆட்சி எப்படி இருக்கும் என்பதை, செட்ஸ்வானா பேசும் ட்ஸ்வானா மக்களின் தலைவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். நிலம் போயிற்று, மாடு போயிற்று, மன்னன் லோபெங்குலாவும் போனான்.

பாங்வாட்டோ மக்களின் தலைவர் மூன்றாம் காமா, பாக்வேனா தலைவர் முதலாம் செபெலே, பாங்வாகெட்சே தலைவர் முதலாம் பதோயன் ஆகிய மூவரும் கப்பலேறி லண்டன் போனார்கள். காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கம்பெனியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விடுமுறைக்குப் போய்விட்டார். அவர்கள் சோர்ந்து திரும்பிவிடவில்லை. லண்டன் மிஷனரி சங்கத்தின் துணையோடு ஊர் ஊராகப் போய் தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் பேசினார்கள். மூன்றாம் காமா தன் நாட்டில் மதுவைத் தடை செய்தவர். கம்பெனி வந்தால் சாராயமும் வரும் என்று அவர் சொன்னது மதுவிலக்குச் சங்கங்களை எழுப்பிவிட்டது. சேம்பர்லேன் விடுமுறை முடிந்து திரும்பியபோது அவர் மேஜையில் மனுக்கள் குவிந்து கிடந்தன. வந்த தலைவர்களைவிடத் தன் நாட்டு வாக்காளர்களுக்குத்தான் அவர் பயந்தார். நாடு நேரடியாக அரசியின் பாதுகாப்பிலேயே இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். பதிலுக்கு ரயில் பாதைக்கு ஒரு கீற்று நிலமும் வரியும் கேட்டார்.

அந்தக் கீற்றிலிருந்துதான் அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் ரோட்ஸின் ஆளான ஜேம்சன் டிரான்ஸ்வால்மீது படையெடுத்துப் படுதோல்வி அடைந்தார். ரோட்ஸின் பெயர் கெட்டது. பெச்சுவானாலாந்து தப்பியது. இன்று காபரோனியில் மூன்று தலைவர்களுக்கும் பிரம்மாண்டமான வெண்கலச் சிலைகள் இருக்கின்றன.

பாதுகாப்பு நாடு என்றால் பிரிட்டன் நன்றாகப் பார்த்துக்கொண்டதா?

இல்லை. பார்த்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை. எந்த அளவுக்கு என்றால், நாட்டின் நிர்வாகத் தலைநகரே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் ஊரில் இருந்தது. 1965 வரை அப்படித்தான். என்றைக்காவது தென்னாப்பிரிக்காவோடு சேர்த்துவிடலாம் என்று லண்டன் நினைத்துக்கொண்டிருந்ததால் பள்ளியோ சாலையோ கட்ட அக்கறை காட்டவில்லை. 1909-ல் இயற்றிய தென்னாப்பிரிக்கச் சட்டத்திலேயே அந்த இணைப்புக்கு வழி வைத்திருந்தார்கள்.

1899-ல் குடிசை வரி வந்தது. வரி கட்டக் காசு வேண்டும், காசு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில்தான் இருந்தது. ஆண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள்.

மேற்பார்வைக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1933-ல் பாங்வாட்டோ மக்களின் பொறுப்புத் தலைவர் த்செகேடி காமா, ஊரில் அடாவடி செய்த ஒரு வெள்ளைக்கார இளைஞனை ஊர்ச்சபையில் விசாரித்துக் கசையடி தண்டனை விதித்தார். வெள்ளையனுக்குக் கறுப்பர் தண்டனை கொடுப்பதா என்று, கடலே இல்லாத இந்த நாட்டுக்குள் கடற்படை வீரர்களையும் பீரங்கிகளையும் அனுப்பி அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சில வாரங்களில் வேறு வழியில்லாமல் மீண்டும் அமர்த்தினார்கள்.

செரெட்சே காமாவின் திருமணம் ஏன் அவ்வளவு பெரிய அரசியல் பிரச்சினை ஆனது?

செரெட்சே காமா பாங்வாட்டோ மக்களின் வாரிசு. மூன்றாம் காமாவின் பேரன். அவர் சிறுவனாக இருந்ததால் சித்தப்பா த்செகேடி பொறுப்பில் இருந்தார். சட்டம் படிக்க இங்கிலாந்து போன செரெட்சே, 1948-ல் ருத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்துகொண்டார். அதே ஆண்டுதான் தென்னாப்பிரிக்காவில் நிறவெறியைக் கொள்கையாகவே வைத்த தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு கலப்புத் திருமணத்தைத் தடை செய்து அங்கே சட்டமும் போட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தலைவர், பக்கத்தில் வெள்ளைக்கார மனைவி என்றால் அவர்களால் தாங்க முடியவில்லை.

சித்தப்பாவும் எதிர்த்தார். மூத்தவர்களைக் கேட்காமல், வழக்கத்தை மீறி நடந்த திருமணம் என்பது அவர் வாதம். பாங்வாட்டோ மக்களின் தலைநகரான செரோவேயில் ஊர்ச்சபை அடுத்தடுத்து மூன்று முறை கூடியது. முதல் இரண்டு முறையும் எதிர்ப்புதான் அதிகம். 1949 ஜூனில் கூடியபோது ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நாள்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் செரெட்சே எழுந்து, தன்னையும் தன் மனைவியையும் ஏற்காதவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார். சில பத்துப் பேர் எழுந்தார்கள். ஏற்பவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றதும் சபை முழுக்க எழுந்து ஆரவாரம் செய்தது.

மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். லண்டன் அதை ஏற்கவில்லை. விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். தலைவராக இருக்க எல்லாத் தகுதியும் செரெட்சேக்கு உண்டு, தென்னாப்பிரிக்காவின் கோபம்தான் தடை என்று அறிக்கை ஒளிக்காமல் சொன்னது. அதனாலேயே அறிக்கையைப் பல பத்தாண்டுகள் வெளியிடாமல் பூட்டி வைத்தார்கள். 1950-ல் அவரைப் பேச்சுக்கு என்று லண்டனுக்கு வரவழைத்து, ஐந்தாண்டு நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை விதித்தார்கள். அப்போது ருத் கர்ப்பிணியாகச் செரோவேயில் இருந்தார். 1951-ல் வந்த கன்சர்வேடிவ் அரசு அடுத்த ஆண்டே அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. பாங்வாட்டோ மக்கள் வேறு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முடியாது என்றுவிட்டார்கள். ஒரு இனக்குழு முழுவதும் தலைவர் இல்லாமலே இருந்து காட்டியது. தலைமைப் பட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் 1956-ல் அவரை ஊருக்கு வரவிட்டார்கள்.

பட்டத்தைப் பறித்ததால்தான் அவர் குலத் தலைவராக முடங்காமல் நாட்டின் தலைவரானார். பிரிட்டன் இதை நினைத்துச் செய்யவில்லை.

சுதந்திரத்துக்குப் போராட்டம் நடக்கவில்லையா?

ஆயுதப் போராட்டம் இல்லை. 1960-ல் போட்ஸ்வானா மக்கள் கட்சி தொடங்கியது. உடனடி சுதந்திரமும் தலைவர்களின் அதிகாரக் குறைப்பும் கேட்டது. 1962-ல் செரெட்சேயும் கெட்டுமிலே மசீரேயும் போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். மசீரே விவசாயி, ஆசிரியர், பத்திரிகையாளர். தெற்கேயுள்ள பாங்வாகெட்சே பகுதியைச் சேர்ந்தவர். வடக்கும் தெற்கும் சேர்ந்த இந்த ஜோடி 1965 மார்ச் தேர்தலில் 31 இடங்களில் 28-ஐப் பிடித்தது. 1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானா குடியரசாகச் சுதந்திரம் பெற்றது.

1966-ல் கையில் என்ன இருந்தது?

சொல்லப்போனால் ஒன்றுமில்லை. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. தார்ச் சாலை மொத்தமே சுமார் 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் இருபது சொச்சம் பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அறுபதுகளின் கடும் பஞ்சத்தில் மாடுகள் ஏராளமாகச் செத்திருந்தன; மாடுதான் அன்றைய முக்கிய ஏற்றுமதி. பிரிட்டன் மானியம் கொடுத்தால்தான் அரசு ஊழியருக்குச் சம்பளம் என்ற நிலை எழுபதுகளின் தொடக்கம் வரை நீடித்தது. தலைநகரை ரயில் பாதைக்கும் அணைக்கும் பக்கத்தில், பொட்டல்வெளியில் புதிதாகக் கட்டி முடித்தும் முடிக்காததுமாகச் சுதந்திர விழா நடத்தினார்கள்.

இந்தக் காலத்து மனநிலையைப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் கட்டிய கதை ஒன்று போதும். 1976-ல் தங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழக வளாகம் கட்ட மக்களிடம் கேட்டார்கள்: ஆளுக்கொரு மாடு. மாடு வைத்திருந்தவர்கள் மாடு கொடுத்தார்கள். இல்லாதவர்கள் தானியமும் முட்டையும் சில்லறையும் கொடுத்தார்கள். இன்றும் போட்ஸ்வானா பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் சிலை நிற்கிறது.

சரி, வைரம் யாருக்குச் சொந்தம்?

அரசுக்கு. இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால்தான் நாட்டின் தலையெழுத்தே இருக்கிறது.

வழக்கப்படி நிலமும் அதன் அடியில் இருப்பதும் அந்தந்த இனக்குழுவுக்குச் சொந்தம். தலைவர்கள் தங்கள் பகுதியில் தோண்டக் கம்பெனிகளுக்கு உரிமை கொடுத்துவந்தார்கள். எங்கே எது கிடைத்தாலும் அது எல்லோருக்கும் பொது என்று செரெட்சேயின் கட்சி 1965 தேர்தலிலேயே சொன்னது. 1967-ல் சுரங்கம், கனிமங்கள் சட்டம் வந்து, இனக்குழு நிலங்களின் கனிம உரிமை நாட்டுக்கு மாறியது. அதே ஆண்டு டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனியின் நிலவியலாளர்கள் ஒராபாவில் வைரப் படிவத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒராபா இருப்பது பாங்வாட்டோ பகுதியில், அதாவது செரெட்சேயின் சொந்த மக்களின் மண்ணில். பழைய வழக்கமே தொடர்ந்திருந்தால் அந்தச் செல்வம் முழுக்க அவர் குடும்பத்தின் செல்வாக்குக்குள் வந்திருக்கும். பிறகு பெரிய படிவம் கிடைத்த ஜ்வானெங் தெற்கே, பாங்வாகெட்சே பக்கம். இரண்டு பெரிய குழுக்களும் தனித்தனியாக வைரத்தை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டி பியர்ஸோடு 1969-ல் கூட்டுக் கம்பெனி தொடங்கியபோது அரசின் பங்கு 15 சதவீதம்தான். ஒராபா சுரங்கம் 1971-ல் திறந்தது. படிவம் எவ்வளவு பெரிது என்று தெரிந்ததும் அரசு மறுபடி பேச்சுக்கு உட்கார்ந்து, எழுபதுகளின் நடுவிலேயே பங்கை 50 சதவீதமாக்கியது. அந்தக் கம்பெனிதான் இன்றைய டெப்ஸ்வானா. வரி, உரிமைத்தொகை, லாபப் பங்கு எல்லாம் சேர்த்தால் லாபத்தில் சுமார் 80 சதவீதம் அரசுக்கு வருகிறது. 1982-ல் திறந்த ஜ்வானெங், மதிப்பில் உலகின் மிகச் செழிப்பான வைரச் சுரங்கமாகப் பெயர் பெற்றது.

வந்த பணத்தைச் செலவழித்த விதமும் முக்கியம். தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இல்லாத பெரிய வேலைக்கு நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் பணம் எடுக்க முடியாது. மிஞ்சிய பணத்தைச் சேர்க்க 1994-ல் பூலா நிதியம் வந்தது. அப்புறம், சுதந்திரம் வந்த வேகத்தில் வெளிநாட்டு அதிகாரிகளை எல்லாம் துரத்திவிடாமல், தங்கள் ஆட்கள் படித்து வரும்வரை வைத்துக்கொண்டார்கள். அன்று இதற்காகத் திட்டு வாங்கினார்கள். நிர்வாகம் குலையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தலைவர்கள் அதிகாரத்தைச் சும்மா விட்டுக்கொடுத்தார்களா?

எல்லோரும் இல்லை. கனிமம் போயிற்று, நிலம் பங்கிடும் உரிமையும் 1968-ல் இயற்றிய சட்டத்தால் நில வாரியங்களுக்குப் போயிற்று. கொதித்துப்போன பாங்வாகெட்சே தலைவர் இரண்டாம் பதோயன், லண்டன் போன முதலாம் பதோயனின் பேரன், 1969-ல் தலைமைப் பட்டத்தையே துறந்துவிட்டு எதிர்க்கட்சியான போட்ஸ்வானா தேசிய முன்னணியில் சேர்ந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் துணை ஜனாதிபதி மசீரேயை எதிர்த்து நின்று தோற்கடித்தார். தன் சொந்த ஊர்ப் பக்கமே தோற்ற மசீரே, மக்கள் வாக்கில்லாமல் நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் சிறப்பு உறுப்பினராகத்தான் உள்ளே வர முடிந்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: குறைபட்ட தலைவர் துப்பாக்கி தூக்கவில்லை, வாக்குக் கேட்டுப் போனார். ஆளுங்கட்சியும் அவரைச் சிறையில் போடாமல் தோல்வியை விழுங்கிக்கொண்டது.

ஜனாதிபதி எப்படித் தேர்வாகிறார்?

ஜனாதிபதிக்கென்று தனி வாக்குச்சீட்டு கிடையாது. நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவரும் தான் எந்த ஜனாதிபதி வேட்பாளரை ஆதரிக்கிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார். தேர்தலில் வென்ற உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் யாரை ஆதரிக்கிறார்களோ அவர் ஜனாதிபதி. நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் அவர் ஒருவரே. நாடாளுமன்றத்தில் இப்போது நேரடியாகத் தேர்வாகும் இடங்கள் 61. கூடவே ஆறு சிறப்பு உறுப்பினர்கள். ஆட்சிக்காலம் ஐந்தாண்டு.

1997-ல் முக்கியமான திருத்தங்கள் வந்தன. ஒருவர் பத்தாண்டுக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது. வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. சுதந்திரமான தேர்தல் ஆணையம் வந்தது. இதோடு சேர்ந்து வந்த இன்னொரு திருத்தம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஜனாதிபதி விலகினால் துணை ஜனாதிபதி தானாகவே அந்த நாற்காலிக்கு வந்துவிடுவார். 1998, 2008, 2018 மூன்று முறையும் தேர்தலுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே பழையவர் விலகி, தான் கைகாட்டியவரை உட்கார வைத்தார். புதியவர் பதவியில் இருந்தபடியே மக்களைச் சந்தித்தார். பத்தாண்டு வரம்பு சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டது, வாரிசை மட்டும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

கொட்லா என்றால் என்ன? இன்றும் நடக்கிறதா?

ஊர்ச்சபை. தலைவரின் வளாகத்தை ஒட்டி, அரைவட்டமாக மரக்கம்புகள் நட்ட திறந்தவெளி, பக்கத்தில் நிழல் தரும் மரம். உட்காரச் சிறு மடக்கு நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். தலைவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். குறுக்கே பேசுவது மரியாதைக் குறைவு. தவறாகப் பேசுபவனுக்கும் தன் பேச்சைப் பேச உரிமை உண்டு என்று செட்ஸ்வானாவில் பழமொழி இருக்கிறது. எல்லோரும் பேசித் தீர்ந்த பிறகு, சபையின் போக்கைப் பார்த்துத் தலைவர் முடிவு சொல்வார்.

இன்றும் அமைச்சர்கள் புதுச் சட்டத்தையோ திட்டத்தையோ விளக்கக் கொட்லாவுக்கு வருகிறார்கள். சிறு வழக்குகளை அங்கேயே வழக்காறு நீதிமன்றமாகக் கூடி விசாரிக்கிறார்கள். கசையடி தண்டனையும் இன்னும் இருக்கிறது. இதை முழுமையான ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பழைய காலத்தில் பெண்களுக்கும் அடிமை நிலையில் இருந்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் ஆட்சியில் இருப்பவர் மக்கள் முன்னால் உட்கார்ந்து ஏச்சு வாங்கியே ஆக வேண்டும் என்ற பழக்கம் காலனி ஆட்சிக்கு முன்பிருந்தே வருகிறது. பிரிட்டன் அக்கறை இல்லாமல் விட்டுவைத்ததால் அது அழியாமல் பிழைத்தது.

குலத் தலைவர்களுக்கு இப்போது என்ன அதிகாரம்?

டிகோசி அவை என்ற தனி அவை இருக்கிறது, 35 உறுப்பினர்கள். வழக்காறு, இனக்குழு எல்லை போன்ற விஷயங்களில் ஆலோசனை சொல்லும். சட்டத்தைத் தடுக்க முடியாது. முன்பு எட்டு ட்ஸ்வானா குழுக்களின் தலைவர்களுக்கு மட்டும் பிறப்பால் இடம் இருந்தது. கலங்கா, வாயேயி போன்ற மற்ற மக்கள் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்ட பிறகு 2005-ல் கொஞ்சம் மாற்றினார்கள். குறை முழுவதும் தீரவில்லை.

பெண்களின் நிலை எப்படி மாறியது?

ஒரு வழக்கால் மாறியது. யூனிட்டி டவ் என்ற வழக்கறிஞர் அமெரிக்கர் ஒருவரை மணந்தவர். அன்றைய சட்டப்படி, திருமணத்துக்குப் பிறகு பிறந்த அவருடைய பிள்ளைகளுக்கு போட்ஸ்வானா குடியுரிமை இல்லை. ஒரு போட்ஸ்வானா ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் பிள்ளைகளுக்கு உண்டு. நாட்டின் முதல் ஜனாதிபதியே அப்படி மணந்தவர்தான் என்பதை நினைத்தால் இந்தச் சட்டத்தின் அநியாயம் இன்னும் உறைக்கும். டவ் வழக்குப் போட்டு வென்றார். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. 1995-ல் சட்டம் மாறியது. 1998-ல் அவர் நாட்டின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2003-ல் பலேட்டே இனக்குழுவின் தலைவராக மொசாடி செபோக்கோ என்ற பெண்ணுக்குப் பட்டம் சூட்டினார்கள்.

நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் எப்படிப் பிழைத்தார்கள்?

வாயால் கண்டித்தார்கள், அகதிகளை ஏற்றார்கள், கெரில்லா முகாம்களுக்கு இடம் தரவில்லை. சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ராணுவமே இல்லை. வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) படைகள் எல்லை தாண்டித் தாக்கத் தொடங்கிய பிறகுதான் 1977-ல் பாதுகாப்புப் படை அமைத்தார்கள். அப்படியும் 1985 ஜூன் 14 அதிகாலையில் தென்னாப்பிரிக்கப் படைகள் காபரோனிக்குள் புகுந்து 12 பேரைக் கொன்றன.

எச்ஐவி நாட்டையே அழித்துவிடும் என்றார்களே?

அந்தப் பயம் நியாயமானது. தொண்ணூறுகளின் இறுதியில் உலகிலேயே தொற்று அதிகமான நாடுகளில் இது ஒன்று. சராசரி ஆயுள் ஐம்பதுக்குக் கீழே சரிந்தது. ஜனாதிபதி ஃபெஸ்டஸ் மொகாயே விஷயத்தை மூடி மறைக்கவில்லை. எல்லா மேடையிலும் அதையே பேசினார். 2002-ல் அரசே இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் நாடு தழுவிய அளவில் இதுதான் முதல். இன்று தொற்றுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையில் இருக்கிறார்கள். வைரப் பணத்தின் மிகச் சிறந்த பயன் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சான் மக்களுக்கு நடந்தது என்ன?

இந்த நாட்டின் மீது உள்ள பெரிய கறை இது. அங்கே பாசர்வா என்று அழைக்கப்படும் சான் மக்கள் இந்த மண்ணின் மிகப் பழைய குடிகள். 1961-ல் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தை அமைத்ததே விலங்குகளோடு இவர்களின் வாழ்க்கையையும் காக்கத்தான். ஆனால் 1997-லும் 2002-லும் அரசு இவர்களை வெளியே குடியேற்றியது. பள்ளி, மருத்துவமனை தருகிறோம் என்றார்கள். போக மறுத்தவர்களின் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆழ்குழாய்க் கிணற்றை மூடினார்கள். பாலைவனத்தில் தண்ணீரை நிறுத்துவது என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை.

2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் மூன்று நீதிபதிகளில் இருவரின் பெரும்பான்மையோடு, வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. அந்த இருவரில் ஒருவர் யூனிட்டி டவ். அரசு தீர்ப்பைக் குறுக்கிப் படித்து, வழக்கில் பெயர் இருந்தவர்களை மட்டும் அனுமதித்தது. கிணற்று உரிமைக்கு மறுபடி வழக்குப் போட்டு 2011-ல்தான் வென்றார்கள். காப்பகத்துக்குள் தன் முன்னோர் மண்ணில் புதைக்க வேண்டும் என்று கேட்ட ஒரு முதியவரின் உடல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிணவறையில் கிடந்தது. நீதிமன்றமும் அனுமதி மறுத்தது. 2024 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகே அடக்கம் நடந்தது.

58 ஆண்டு ஒரே கட்சி ஆண்டதை ஜனநாயகம் என்று சொல்லலாமா?

தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன, எதிர்க்கட்சிகள் பேசின, நீதிமன்றங்கள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. அதனால் சொல்லலாம். அதே சமயம் களம் சமமாக இல்லை. அரசு ஊடகமும் அரசுப் பணமும் ஆளுங்கட்சிக்குக் கைகொடுத்தன. எதிர்க்கட்சிகள் பிளவுபட்டுக்கொண்டே இருந்தன. ஒரு தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் பிளவுக்குத் தண்டனை கடுமையானது: 2014-ல் ஆளுங்கட்சி சுமார் 46 சதவீத வாக்கு வாங்கி 57 இடங்களில் 37-ஐப் பிடித்தது.

ஏற்றத்தாழ்வையும் சொல்ல வேண்டும். மாட்டு மந்தை வைத்திருந்த மேல்தட்டுதான் கட்சியையும் நடத்தியது. வருமான இடைவெளியில் உலகின் மோசமான நாடுகளில் போட்ஸ்வானாவும் ஒன்று.

2024-ல் என்ன நடந்தது?

செரெட்சே தொடங்கிய கட்சி நொறுங்கியது. அக்டோபர் 30 தேர்தலில் டூமா போகோ தலைமையிலான ஜனநாயக மாற்றத்துக்கான குடை அணி 36 இடங்களில் வென்றது. ஆளுங்கட்சிக்குக் கிடைத்தவை நான்கு. வாக்கு என்று பார்த்தால் அதற்கு ஏறக்குறைய 30 சதவீதம் இருந்தது. பல பத்தாண்டுகள் காப்பாற்றிய அதே தேர்தல் முறை இந்த முறை கவிழ்த்துவிட்டது.

வைர விற்பனை சரிவு, வேலை இல்லாத இளைஞர்கள், ஊழல் புகார்கள் எல்லாம் சேர்ந்த கோபம் அது. அப்போதைய ஜனாதிபதி மசிசிக்கும் முன்னாள் ஜனாதிபதி இயான் காமாவுக்கும் இடையே வெடித்த சண்டையும் கட்சியைப் பிளந்திருந்தது. இயான், செரெட்சேயின் மகன். தந்தை தொடங்கிய கட்சியை எதிர்த்து மகன் பிரசாரம் செய்தார். நவம்பர் 1 காலையில், எண்ணிக்கை முழுதாக முடிவதற்கு முன்பே மசிசி போகோவை அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்றே போகோ பதவியேற்றார். ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை. போகோ மனித உரிமை வழக்கறிஞர். 2014, 2019 இரண்டிலும் தோற்றவர்.

இனி வைரத்தை நம்ப முடியுமா?

முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் வைரம்தான். ஆய்வகத்தில் செய்யும் வைரம் மலிவாகக் குவிந்ததால் விலை சரிந்து, டெப்ஸ்வானா உற்பத்தியைக் குறைத்தது. அரசின் சேமிப்பு வேகமாகக் கரைந்தது. 2025 ஆகஸ்டில் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு முற்றி, போகோ பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டிவந்தது. மருந்தை இலவசமாகக் கொடுத்து ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய நாட்டுக்கு இந்த நிலை.

2025 பிப்ரவரியில் டி பியர்ஸோடு கையெழுத்தான புதிய ஒப்பந்தப்படி, டெப்ஸ்வானா எடுக்கும் வைரத்தில் அரசு தானே விற்கும் பங்கு முதல் ஐந்தாண்டு 30 சதவீதம், அடுத்த ஐந்தாண்டு 40 சதவீதம்; ஒப்பந்தம் மேலும் ஐந்தாண்டு நீண்டால் 50 ஆகும். உலகின் வைரங்களில் பெரும்பாலானவை சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன. அந்த வேலையில் ஒரு பகுதியாவது காபரோனியில் நடக்க வேண்டும் என்று அங்கே பட்டறைகள் அமைத்திருக்கிறார்கள், அவற்றில் இந்தியர்கள் நடத்துபவையும் உண்டு. டி பியர்ஸிலேயே போட்ஸ்வானா அரசுக்கு 15 சதவீதம் பங்கு இருக்கிறது. தாய்க் கம்பெனியான ஆங்கிலோ அமெரிக்கன் டி பியர்ஸை விற்க முடிவு செய்ததும், அந்தப் பங்கைப் பெரும்பான்மையாக உயர்த்த வேண்டும் என்று போகோ அரசு கேட்டது. கஜானா காலியாகும் நேரத்தில், விலை சரியும் பொருளின் கம்பெனியை வாங்குவது சரியா என்று நாட்டுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது.